ஒரு காது குளியலறைக்கு

ஜூன் 3, செவ்வாய்

என் பெண் குண்டூசி இன்று வேலைநிறுத்தம். வெந்நீர் விளாவி வைத்துவிட்டுக் கூப்பிட்டால், துண்டைக் கழுத்துவரை சுற்றிக்கொண்டு குளியலறை வாசலிலேயே நிற்கிறாள்.

"நீ வெளிய இரு. நானே குளிச்சுக்கறேன்."

"முதுகை யாரு தேய்ப்பா?"

"முதுகு எனக்கே தெரியாது. வேற யாரு பாக்கப்போறா?"

ஏழு வயது முடியவில்லை, வாய்க்கு மட்டும் எழுபது. சிரிப்பு வந்தது. ஆனாலும் விடவில்லை, கையைப் பிடித்து உட்கார வைத்துக் குளிப்பாட்டினேன். முடியும்வரை கண்ணை இறுக மூடிக்கொண்டு கல் மாதிரி இருந்தாள். தலை துவட்டும்போது மெதுவாகச் சொன்னாள்: "எங்க கிளாஸ்ல எல்லாரும் தானாத்தான் குளிக்கறாங்க. நானும் அப்படித்தான்னு சொல்லிட்டேன்."

பொய் சொல்லாதே என்று திட்டியிருக்க வேண்டும். வாய் வரவில்லை.

ஜூன் 5, வியாழன்

டாக்டரிடம் போனோம். அவளுக்குக் கடைசியாக வலிப்பு வந்து இரண்டு வருடம் ஆகிவிட்டதாம். மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார். அப்படியே குளியல் விஷயத்தையும் கேட்டேன்.

"தாழ்ப்பாள் போட வேண்டாம். வாளியில கால்வாசித் தண்ணி போதும். கூப்பிடற தூரத்துல யாராவது இருங்க. மத்தபடி குளிக்கட்டுமேம்மா."

குளிக்கட்டுமே. எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார். அன்றைக்கு வலிப்பில் வாளிக்குள் குப்புறச் சாய்ந்த தலையைத் தூக்கியது அவர் இல்லையே. நான் துண்டு எடுக்கத் திரும்பினேன், அவ்வளவுதான். கொடியிலிருந்து ஒரு துண்டை உருவ எவ்வளவு நேரம் ஆகும்? அவளுக்கு நான்கரை வயது. தூக்கியபோது மூக்கிலும் வாயிலும் தண்ணீர்.

அவளிடம் இதைச் சொன்னதில்லை. சொல்லவும் மாட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

இவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். எதற்கும் பதறாத ஜென்மம். ஸ்க்ரூடிரைவரை எடுத்துவந்து குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார்.

"இந்தா, உன் பயத்துல பாதி. மீதியை நீ பாத்துக்க."

மீதிக்கு என்ன வழி என்று கேட்டேன். லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டால், கதவைத் திறக்கும்வரை இவர்கள் பேசிக்கொண்டே இருப்பார்களாம். பேச்சுக் குரல் இருந்தால் போதுமாம், ஆள் தைரியமாக நிற்பாராம்.

எனக்குப் பளிச்சென்று பட்டது. குண்டூசியைக் கூப்பிட்டு ஒப்பந்தம் போட்டேன். தனியாகக் குளிக்கலாம், ஆனால் உள்ளே போனதிலிருந்து வெளியே வரும்வரை சத்தமாகப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தக் கூடாது.

"எதைப் பேசறது?"

"எதையாவது. உனக்குச் சொல்லியா தரணும்?"

ஜூன் 9, திங்கள்

முதல் நாள். கதவை ஒருக்களித்து வைத்து, மேசையை அதன் எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டேன். வேலை செய்கிறேன் என்று பேர்.

என் வேலை, அடுத்தவர் பேசியதைக் கேட்டு எழுதுவது. விபத்து இழப்பீட்டு அலுவலகத்திலிருந்து வாக்குமூலப் பதிவுகள் வரும். ஹெட்போனில் கேட்டு, ஒரு சொல் விடாமல் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். பேசுகிறவர் மூன்று விநாடிக்கு மேல் நிறுத்தினால் அடைப்புக்குறிக்குள் 'இடைவெளி' என்று போட வேண்டும். இந்த இரண்டு வருடமாக நான் ஒரு காதில்தான் ஹெட்போன் மாட்டுகிறேன். இன்னொரு காது வீட்டுக்கு.

உள்ளே இருந்து செய்தி அறிக்கை.

"வணக்கம். செய்திகள் வாசிப்பது குண்டூசி. இடது கை கழுவப்பட்டது. வலது கை தன் முறைக்காகக் காத்திருக்கிறது. முழங்கால் புண்ணில் சோப்பு பட்டது. எரிச்சல் நிலவுகிறது. பொதுமக்கள் அமைதி காக்கவும்."

நான் எங்கே அமைதி காப்பது? ஒரு வரி தட்டச்சு செய்யவில்லை. பதினோரு நிமிடம். சிவந்த கண்ணோடு வந்து நின்றாள். தலையில் பாதி ஷாம்பு அப்படியே இருந்தது.

ஜூன் 12, வியாழன்

கொஞ்சம் கொஞ்சமாகத் தேறுகிறாள். சோப்பு கையிலிருந்து நழுவி ஓடுகிறது என்றாள். பழைய காலுறைக்குள் போட்டு முடிந்து கொடுத்தேன். முதுகுக்குத் துணிப்பட்டை, இரண்டு முனையையும் பிடித்து இப்படி அப்படி இழுத்துக்கொள்கிறாள். தலைக்கு ஊற்றும்போது குனியாதே, அண்ணாந்து பார், கண்ணில் இறங்காது என்று ஹாலில் நிறுத்தி வெறும் குவளையை வைத்து ஒத்திகை பார்த்தோம். குவளையைக் கவிழ்க்கும் அந்த நொடியில் செய்தி வாசிப்பும் நிற்கக் கூடாது என்பதுதான் பாவம், பெரிய கஷ்டம். வாய்க்குள் தண்ணீர் போய், "தலைநகரில் கன— ப்பூ— மழை" என்றாள்.

ஜூன் 17, செவ்வாய்

மேலாளர் போன் செய்தார். நேற்று அனுப்பியதில் ஒரு முழு நிமிடம் விட்டுப்போயிருக்கிறதாம்.

"உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார். உடம்புக்கு என்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன். காலையில் ஏழு மணியிலிருந்து ஏழேகால் வரைதான் எனக்கு உயிர் இல்லை. அவள் குரல் கொஞ்சம் தாழ்ந்தால் இங்கே விரல் விசையிலேயே நின்றுவிடுகிறது.

ஜூன் 25, புதன்

எழுதிவிட்டால் மனசு அடங்குமா பார்க்கலாம்.

செய்தி ஓடிக்கொண்டிருந்தது. விளையாட்டுச் செய்தி வரை வந்தாள். நின்றுவிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று— நாலாவது எண்ணும்போது நான் உள்ளே இருக்கிறேன். கதவு சுவரில் மோதிய சத்தம் பக்கத்து வீடுவரை கேட்டிருக்கும். ஈரத்தோடு அப்படியே வாரிப் பிடித்துத் தூக்கிவிட்டேன்.

அவளுக்கு ஒன்றும் இல்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தண்ணீர் போகும் துவாரத்தில் நுரை சுற்றிச் சுற்றி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவ்வளவுதான். நுரையைப் பார்த்திருக்கிறாள்.

என் கையை உதறிவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றாள். துண்டைத் தேடினாள். அழவில்லை. அதுதான் என்னை என்னவோ செய்கிறது.

"பேசாம இருந்தா செத்துப்போயிட்டேன்னு நெனச்சியா?"

யார் சொன்னது இவளுக்கு? யாரும் சொல்லவில்லை. என் மூஞ்சியே சொல்லியிருக்கும். நான் என்ன பண்ணுவேன், எனக்கு வேற எப்படி இருக்கத் தெரியும்? புடவையெல்லாம் ஈரம். அவள் மேல் கையில் என் ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தது. சாயங்காலம் வரை போகவில்லை.

ஜூன் 26, வியாழன்

பேசவில்லை. குளிக்கவும் இல்லை.

ஜூன் 29, ஞாயிறு

நான்காவது நாள். முகம் கை கால் மட்டும் கழுவிக்கொண்டு பள்ளிக்குப் போய் வந்தாள். என்னோடு பேச்சு, கேட்டதற்குப் பதில், அதோடு சரி. வீட்டில் செய்தி வாசிக்க ஆள் இல்லாமல் வெறிச்சென்று கிடக்கிறது.

இவரிடம் பொரிந்து தள்ளினேன். எல்லாம் உங்கள் லிஃப்ட் யோசனையால் வந்த வினை என்றேன். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"நான் சொன்னது வேற, நீ செஞ்சது வேற. லிஃப்ட்ல மாட்டினவங்ககிட்ட நாங்கதான் பேசுவோம். உள்ள இருக்கறவங்களை நிறுத்தாம பேசுங்கன்னு யாராவது சொல்வாங்களா?"

முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. தப்பு என் பேரில்தான். மாற்றிப் போட்டுவிட்டேன். என் தைரியத்துக்காக அவளைப் பேச வைத்திருக்கிறேன், வாயில் தண்ணீர் போகப் போக.

ஜூலை 2, புதன்

குண்டூசியே வந்தாள், நிபந்தனையோடு. "இன்னிக்கு நீ குளி. பேசிக்கிட்டே குளி. நான் வெளிய உக்காந்து கேக்கறேன்."

மேசை நாற்காலியில் ஏறி உட்கார்ந்து என் ஹெட்போனை வேறு ஒரு காதில் மாட்டிக்கொண்டாள்.

நானும் வணக்கம் சொல்லி ஆரம்பித்தேன். அரைப் பக்கெட் தீர்வதற்குள் சரக்குத் தீர்ந்துவிட்டது. ஊரில் யார் யாரோ பேசியதையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுகிறேன், எனக்குப் பத்து நிமிடம் பேச ஒன்றும் இல்லை. "அப்புறம்?" என்று வெளியிலிருந்து குரல். இன்னொரு "அப்புறம்?" முகம் முழுக்கச் சோப்பு, கண் எரிகிறது. கொஞ்சம் சும்மா நிற்கலாம் என்று நின்றேன்.

கதவு தட்டப்பட்டது. "சத்தம் காணோம். உள்ள வரவா?"

"வராதடி!" என்று கத்திவிட்டேன்.

அவள் கதவைத் தள்ளவில்லை. நான் சோப்போடு நின்றுகொண்டு அழுதேன். வெளியில் கேட்டிருக்காது.

தலை துவட்டாமலே வந்து அவளை மடியில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். வாளி, துண்டு, தண்ணீர், ஆஸ்பத்திரி.

"நான் அழுதேனா?"

"இல்ல. நான்தான் அழுதேன்."

"அப்ப எனக்கு ஒண்ணும் தெரியல. உனக்குத்தான் பயம்."

"ஆமா, எனக்குத்தான்."

அவளே புது ஒப்பந்தம் போட்டாள். எனக்குப் பயம் வந்தால் நான் கூப்பிடலாம். அவள் பேச மாட்டாள், குவளையால் வாளியில் டங் என்று ஒரு தட்டு தட்டுவாள். ஒரு குளியலுக்கு மூன்று தடவைதான். டங் வராவிட்டால் மட்டும் உள்ளே வரலாம்.

"நாலு தடவைன்னு வெச்சுக்கலாமே?"

"மூணு."

ஜூலை 3, வியாழன்

முதல் நிமிடத்திலேயே மூன்றையும் செலவழித்துவிட்டேன். மிச்ச ஒன்பது நிமிடமும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 19, சனி

இப்போதெல்லாம் மூன்றையும் பங்கு பிரித்துக்கொள்கிறேன். சோப்பு போடும்போது ஒன்று, தலைக்கு ஊற்றும்போது ஒன்று, ஒன்று கையிருப்பு. நேற்று கையிருப்பு மிச்சம். இன்றைக்குச் சேர்த்து நாலு கேட்டேன், நேற்றையது நேற்றோடு போச்சு என்றாள். யாரைக் கொண்டு பிறந்ததோ.

குதிகால் இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது. நானும் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிறேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

மாத்திரையை முழுக்க நிறுத்தியாயிற்று. பரிசோதனையில் ஒரு குறையும் இல்லை. "மத்த பிள்ளைங்களைப் போலத்தான் இனி" என்றார் டாக்டர். தாழ்ப்பாள் மட்டும் இன்னும் ஆறு மாதம் போகட்டும் என்றார்.

சந்தோஷப்பட வேண்டிய நாள். இருப்புக் கொள்ளவில்லை. மாத்திரை இல்லாமல் முதல் குளியல். ஐந்து தடவை கூப்பிட்டுவிட்டேன். கணக்கு தெரிந்தவள்தான், ஆனால் ஐந்துக்கும் டங் வந்தது.

ஆகஸ்ட் 21, வியாழன்

காலையில் அவசரமாக ஒரு பதிவு வந்தது, ஒன்பது மணிக்குள் வேண்டுமாம். லாரி ஓட்டுகிற ஒருவர், எதிரில் வந்த சைக்கிளைப் பற்றிச் சொல்கிறார். தொண்டைக்குள்ளேயே பேசுகிற ஆள். ஒரு காதில் ஒன்றும் விளங்கவில்லை. இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டேன். எப்போது மாட்டினேன் என்றே நினைவில்லை. அந்த மனுஷன் பாதியில் நிறுத்திவிட்டார். மறுபடி பேச ஆரம்பிக்க எவ்வளவோ நேரம் ஆயிற்று. அடைப்புக்குறி போட்டு 'இடைவெளி' என்று தட்டச்சு செய்தேன்.

விசைப்பலகையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

நிமிர்ந்தால் குண்டூசி. சட்டை உள்புறம் வெளியே, தலையிலிருந்து ஒழுகுகிறது, குளியலறையிலிருந்து மேசை வரை ஈரக் கால்தடம். ஹெட்போனைக் கழற்றினேன். மணி ஏழு இருபது.

"டங் டங்னு நானே அடிச்சுப் பாத்தேன்," என்றாள். "நீ ஒரு தடவைகூடக் கூப்பிடல. உனக்கு என்னமோ ஆயிடுச்சோன்னு ஓடி வந்தேன்."

"ஒண்ணும் ஆகல. வேலையில இருந்தேன்."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். நம்பினாள் போலிருக்கிறது. காதுக்குப் பின்னால் வெள்ளையாக நுரை. துடைக்கக் கையை நீட்டினேன், தலையைச் சாய்த்துத் தப்பித்துக்கொண்டாள்.

"நாளைக்கு நானே பாத்துக்கறேன். நீ வேலையப் பாரு."

இன்னும் இருபது வரி பாக்கி இருந்தது. இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.