இடும்பன் விற்க வந்த பெல்ட்

உன்னைத் தோற்கடித்தவன் போன செவ்வாய்க்கிழமை என் குடோனுக்கு வந்தான். கையில் ஒரு துணிப்பை. பைக்குள் அந்த பெல்ட்.

ஆளுக்கு முன்னால் வாசனை வந்துவிட்டது. விளக்கெண்ணெய், பித்தளைக் களிம்பு, அதற்கடியில் ஆவாரம்பட்டையின் புளித்த மணம். பட்டையில் பதனிட்ட எருமைத்தோலை இப்போது ஆம்பூரில் யார் பையில் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள்? நிமிர்ந்து பார்த்தேன். எழுபதைத் தாண்டிய பெரிய உடம்பு. உள்ளே சதை வற்றிப்போய், தோல் மட்டும் பழைய அளவிலேயே நின்றுவிட்டது.

"இன்னா நைனா, அடையாளம் தெர்லியா? இந்த ஊரே ஒரு காலத்துல என் மேல செருப்பு வீசிச்சே."

இடும்பன்! போஸ்டரில் அப்படித்தான் பெயர். சொந்தப் பெயர் என்னவென்று நாம் கேட்டதே இல்லை.

நான் உட்காரச் சொல்லவில்லை. அவனே ஆட்டுத்தோல் கட்டின் மேல் உட்கார்ந்துகொண்டான். நெமிலியில் மகள் வீட்டில் இருக்கிறானாம். நீ செத்துப்போன சேதி ஒன்றரை வருடம் கழித்துத்தான் அவனுக்குக் கிடைத்ததாம்.

"பெல்ட்ட விக்கலாம்னு வந்தேன். நாப்பதாயிரம் குடு."

"என்கிட்ட ஏன்?"

"வேற எவனுக்கு இது வேணும்?"

அந்தப் பதிலில்தான் எனக்குச் சந்தேகம் தட்டியது. வாங்குகிறவனின் ஆசை தெரிந்து வருகிறவன் சரக்கோடு ஒரு கதையையும் கட்டிக்கொண்டு வருவான். கதை பெரிதாக இருந்தால் சரக்கில் ஓட்டை இருக்கும். பதனிடாத பச்சைத்தோல் வாங்கி விற்ற முதல் வருடத்திலேயே நான் படித்த பாடம் அது.

உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை, ஆனாலும் அந்தச் சாயங்காலத்தை எழுதாமல் மேலே போக முடியவில்லை. பாலாற்று மணலில் குஸ்திக் கம்பெனியின் கூடாரம். பட்டத்துச் சண்டை. 'பாலாற்றுப் புலி' நீ. எதிரில் இடும்பன். ஜெயிக்கிறவனுக்கு பெல்ட், பெல்ட்டோடு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இரண்டு வருடக் கப்பல் பயணம். நீ இருபது நிமிடம் அவனைப் பந்தாடினாய். நடுவர் முதுகைத் திருப்பிய நேரத்தில் இடும்பன் ஒரு மடக்கு நாற்காலியை எடுத்து உன் வலது முட்டியில் இறக்கினான். அதன்பின் நீ எழவில்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த நான்கு பேரில் நான் ஒருவன். அப்போது நான் தோல் பதனிடும் மண்டியில் சுண்ணாம்புக் குழிக்குள் நின்ற கூலி. ஊரே உள்ளே இடும்பனைத் துரத்திக்கொண்டிருந்தது.

"மத்த நாள் சண்டையெல்லாம் பேசி வெச்சு உழுறதுதான் தோஸ்து. பட்டத்துச் சண்டை மட்டும் நெஜம். அத்தப் போய்த் திருடிட்டான் பாரு" என்றாய். அதை நான் நம்பினேன். யார் சொல்வதையும் பாதிக்கு மேல் நம்பாதவன், இதை முழுதாக நம்பினேன்.

அதற்குப் பிறகு உன் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் 'மட்டும்' போட்டுப் பேசுவதிலேயே போயின. என் குடோனில் காலை நீட்டி உட்கார்ந்து ஆரம்பிப்பாய்.

"அன்னிக்கு மட்டும் நா ஜெயிச்சிட்டேன்னு வெச்சுக்கோ. கம்பெனி கப்பல் ஏறுது. ரெண்டு வருசத்துல வெளிநாட்டுத் துட்டோட திரும்புது. வேலூர்ல நெரந்தரமா ஒரு குஸ்திக் கொட்டாய். அப்பறம் டிவில வெள்ளக்காரன் குஸ்தி வருது. வரட்டுமே! நம்ம ஆளுங்களும் டிவில இருக்கறானுங்க. பசங்க நோட்டு அட்டைல எவன் படத்த ஒட்டுவானுங்க? என் படத்த."

"உன் முட்டி கழண்டிருந்தா கம்பெனிக்காரன் உன்ன பினாங்குலயே வுட்டுட்டு வந்திருப்பான்."

"நீ ஒர்த்தன். கனவுல கூட வெல கொறச்சிக் கேக்கறே."

இன்னொரு வாரம் குடியாத்தம் முகமூடிக் கதை வரும். இடும்பன் கையில் பெல்ட் இருப்பதைப் பார்த்து, கெட்டவன் ஆட்டத்துக்கு எவன் டிக்கெட் வாங்குவான் என்று பினாங்கு ஏஜென்ட் ஒதுங்கிக்கொண்டான். கப்பல் இல்லை, கையில் காசு இல்லை, ஆள்கள் விலகினார்கள். கடைசியில் குடியாத்தத்தில் ஒரு சோடா வியாபாரிக்கு முகமூடி மாட்டி 'ரஷ்யச் சிங்கம்' என்று ஏற்றிவிட்டார்கள். இரண்டாவது பிடியிலேயே முகமூடி கழன்றது. முன்வரிசையில் ஒருத்தன், "டேய், இவன் பேர்ணாம்பட்டு சோடாக்காரன்டா, எனக்கு பாக்கி சில்லற தரணும்டா!" என்று கத்தினான். அந்தச் சிரிப்பில் கம்பெனி மூடியது. நீ இந்தக் கதையை முடிக்கும்போதெல்லாம் ஒன்றையே சொல்வாய்: "எல்லாம் அந்த ஒரு நாற்காலியால."

இப்போது யோசித்தால் ஒன்று உறுத்துகிறது. உன் கற்பனைகளில் ஏஜென்டை மாற்றினாய், நடுவரை மாற்றினாய், முகமூடியின் முடிச்சைக்கூட இறுக்கிக் கட்டினாய். நீ செய்த எதையும் ஒரு தடவைகூட மாற்றிப் பார்த்ததில்லை.

பெல்ட்டை மேசையில் விரித்தேன். நடுவே பித்தளைத் தகடு, இரண்டு பக்கமும் தோல். விரலை ஓட்டியதுமே தெரிந்துவிட்டது, இது ஒரே தோல் இல்லை. முக்கால்வாசி பட்டையில் பதனிட்ட எருமை. ஒரு முனையில் மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு வேறு துண்டு. மேலே அதே பழுப்புச் சாயம் பூசியிருந்தார்கள். வெட்டு விளிம்பைப் பார்த்தால் உள்ளே நீலம், குரோமில் பதனிட்ட மாட்டுத்தோல். தையலும் அவசரத் தையல். ஒட்டுத் துண்டை மடித்துவிட்டு, பழைய தோலில் இருந்த பட்டன் துளையில் டேப்பை வைத்தேன். முப்பத்தாறு அங்குலம்.

இடும்பனின் இடுப்பு அந்தக் காலத்தில் அண்டாவின் சுற்றளவு. முப்பத்தாறு யாருடையது என்று எனக்குத் தெரியும். சாகும்வரை கல்யாண வீட்டிலும் கருமாதி வீட்டிலும் "இன்னும் முப்பத்தாறுதான்" என்று சட்டையைத் தூக்கிக் காட்டியவன் நீ.

ஆனாலும் நான் வியாபாரி. முப்பத்தாறு அங்குல ஆண்கள் உலகத்தில் கோடிப் பேர். தோலை முகம் பார்த்து வாங்கக் கூடாது, சதைப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பிளேடை எடுத்து உள் லைனிங்கின் தையலைப் பிரித்தேன். அது அதுவரை பிரிக்கப்படாத பழைய தையல், நூலிலேயே தெரிந்தது.

தோல் வெட்டுகிறவர்கள் சதைப்பக்கத்தில் யாருக்கு, என்ன அளவு என்று பென்சிலால் குறித்துக்கொள்வார்கள். இதிலும் குறித்திருந்தது. 'புலி 36.'

இடும்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து படித்தான். "அட, இது எனக்கே தெரியாதுபா" என்றான். பிறகு ரொம்ப நேரம் அந்தப் பென்சில் எழுத்தின் மேல் விரலை வைத்திருந்தான். அவன் நடிக்கவில்லை என்று அப்போது முடிவு செய்தேன். இதுவரை அவன் என்று எழுதினேன். இனிமேல் அவர் என்றுதான் எழுத வருகிறது, பொறுத்துக்கொள்.

"அன்னிக்கு ஜெயிக்கவேண்டியது புலிதான் நைனா. கம்பெனிக்காரன் முன்னாடியே பேசி வெச்சது. பட்டத்துச் சண்டைன்னா மட்டும் நெஜமா இன்னா?"

"அப்பறம் ஏன் நீ அடிச்சே?"

"நா எங்க அடிச்சேன்? அவன் முட்டி வாணியம்பாடிலயே போச்சு. மேல கயித்துலர்ந்து குதிச்சு உழுந்தான். எனக்கும் அவனுக்கும் மட்டுந்தான் தெரியும். சொன்னா கம்பெனிக்காரன் அன்னிக்கே ரோட்ல வுட்ருவான். பெல்ட்ட வாங்கினா கப்பல் ஏறணும், ஒத்தக் கால்ல எத்தினி நாள் ஆடுவான்? என்கிட்ட வந்தான். 'நீ நாற்காலிய எடு, பக்கத்துல மேடைப் பலகைல அடி, நா உழுந்துடறேன். நீ ஒடச்சதா இருக்கட்டும். ஊரு என்னப் பாத்துக்கும்'னான்."

"நீ ஒத்துக்கினியா?"

"பெல்ட்டு கெடைக்குதேன்னு ஒத்துக்கினேன். பொய் சொல்வானேன்? பத்து நாள் செருப்படி, அப்பறம் ஊரு மறந்துடும்னு நெனச்சேன். புலி மறக்க வுடலியே."

எனக்கே ஒன்று ஞாபகம் வந்துவிட்டது. பட்டத்துச் சண்டைக்கு ஒரு வாரம் முன்பு, வாணியம்பாடி ஆட்டம் முடிந்து நாம் பஸ்ஸில் திரும்பினோம். நீ வலது காலை மடக்காமல் நடைவழியில் நீட்டியிருந்தாய். கண்டக்டர் தடுக்கி விழப்போய், "காலு இன்னா உங்கப்பன் வூட்டு வாசல்லயா நீட்டிக்கினுகீறே?" என்று திட்டினார். நீ திருப்பித் திட்டவில்லை. யாருக்கும் அடங்காதவன், அன்று ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். சுளுக்கு என்றாய். நான் அந்த நாளைப் பிறகு ஒருமுறைகூட எடுத்துப் பார்க்கவில்லை. ஏன் என்று கேட்டுக்கொண்டால் பதில் எனக்கு நல்லதாக இல்லை.

உன் முட்டியால் நான் பிழைத்தேன். கூலி வேலையை விட்டுப் பச்சைத்தோல் வாங்கக் கிளம்பியபோது உன்னைக் கூட்டிக்கொண்டுதானே சந்தை சந்தையாகப் போனேன்? நீ நொண்டிக்கொண்டு வந்தால் கசாப்புக்கடைக்காரர்கள் எழுந்து ஸ்டூல் போடுவார்கள். "அநியாயமா ஒடச்சிட்டானே பாவி" என்பார்கள். நல்ல தோல் முதலில் நமக்கு. மேல்விஷாரத்து முதலாளிகள் தரமில்லை என்று கழித்துப்போட்ட தோலைக்கூட உன் முகத்துக்காக எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பரிதாபத்தை நானும் விற்றிருக்கிறேன். நீ ஜெயித்திருந்தால் கம்பெனி என்ன ஆகியிருக்கும் என்று நீ ஆயிரம் தடவை சொன்னாய். நான் என்ன ஆகியிருப்பேன் என்று நாம் இரண்டு பேருமே பேசவில்லை. நான் இன்னும் சுண்ணாம்புக் குழியில்தான் நின்றிருப்பேன். உனக்கு அது தெரிந்திருந்ததா? தெரிந்துதான் ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாயா? இந்தச் சந்தேகத்தை இனி யாரிடம் தீர்த்துக்கொள்வது?

அதற்குள் இடும்பன் உண்மையான காரியத்துக்கு வந்தார்.

"காசு ரெண்டாவதுபா. புலியோட சம்சாரத்துகிட்ட ஒரு வார்த்த சொல்லணும், நா ஒடைக்கலேன்னு. எவனோ பழைய குஸ்தி கதையெல்லாம் போன்ல போடறான். அதுல என் பேரு வருது. என் பேத்தி பாத்துட்டு, 'தாத்தா, நீ கள்ளாட்டம் ஆடினியா?'ன்னு கேக்கறா. சோறு எறங்கல."

அண்ணியை உனக்குத் தெரியும். உன் முட்டிக்குத் தைலம் தேய்க்கும்போதெல்லாம், "அந்த இடும்பன் கால்ல புழு வைக்க" என்று சொல்லிக்கொண்டேதான் தேய்ப்பார். சங்கிலியை விற்று வைத்தியம் பார்த்தார். இருபது வருடம் பீடி சுற்றினார். "ஜெயிச்சிருந்தா சிங்கப்பூர்ல இருந்திருப்போம், பாழாப்போனவன் கெடுத்துட்டான்" என்று சொல்லிச் சொல்லித்தான் அத்தனையும் தாங்கினார். போன வாரம் அரிசி கொண்டுபோய்க் கொடுத்தபோதும் சொன்னார். இப்போது போய், கெடுத்தவன் புருஷன்தான் என்றால்? அந்தக் கோபம் மொத்தமும் உன் பக்கம் திரும்பும். உட்கார்ந்து திட்டு வாங்க நீ இல்லை.

"வேணாம்" என்றேன்.

"உனக்கு உன் தோஸ்து பேரு. எனக்கு என் பேரு இல்லியா?"

நியாயம்தான். இடும்பனுக்கு நியாயம் பேசுவேன் என்று நான் நினைத்ததே இல்லை. அண்ணிக்காகத்தான் மறுக்கிறேனா, சந்தைகளில் நான் சம்பாதித்த மரியாதைக்காகவா என்றும் ஒரு பக்கம் ஓடியது. இரண்டும்தான். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

டீ வரவழைத்தேன். பேரம் ஒரு மணி நேரம் நடந்தது. அவர் லேசில் மசியவில்லை. "வாய மூடறதுக்குத் தனி வெல" என்றார். "காசா?" என்றேன். "காசில்ல. நீ வாயத் தொறக்கணும்" என்றார். முதலில் புரியவில்லை. புரிந்ததும் மேலும் அரைமணி நேரம் மறுத்துப் பார்த்தேன். "எனக்கு எழுபத்திமூணு. அந்தம்மா நூறு வயசு இருக்கட்டும், நல்லா இருக்கட்டும். அதுக்குள்ள நா போய்ட்டா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியோடு நான் குறைத்துக் கேட்பதை நிறுத்தினேன்.

முடிவானது இது. இருபத்தாறாயிரம் ரூபாய், ரொக்கம். பெல்ட் என்னிடம் இருக்கும். அண்ணி இருக்கும்வரை இடும்பன் ஆம்பூரில் இதைப் பற்றிப் பேசுவதில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் நெமிலிக்குப் போய், அவருடைய பேத்தியை உட்காரவைத்து, நாற்காலி பலகையில்தான் பட்டது என்று சொல்கிறேன். அண்ணி காலத்துக்குப் பிறகு அதையே ஆம்பூர் பஜாரில் கடைக்காரர்கள் எதிரில் சொல்கிறேன். அண்ணிக்கு முன்னால் அவர் போய்ச் சேர்ந்துவிட்டால், அவருடைய கருமாதி முடிந்த மறுநாள் அண்ணியிடமே நான் போய்ச் சொல்லிவிட வேண்டும்.