ஹாலோபெக்கில் மாலை ரயில் நின்று போக வேண்டி

அனுப்புநர்
அ. நல்லசாமி,
சாண்ட்ரிங்கம்,
ஆக்லாந்து, நியூசிலாந்து.

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
ஹாலோபெக் கிளைப்பாதை ரயில் சேவை,
வடமேற்கு இங்கிலாந்து.

பொருள்: ஹாலோபெக் நிலையத்தில் மாலை ரயில் நிற்பதை ரத்து செய்ய வேண்டாம் எனக் கோருதல் தொடர்பாக.

பார்வை: நிலையப் பலகையில் ஒட்டப்பட்ட தங்கள் அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த மே மாதம் தங்கள் மாலை ரயிலுக்கு டாட்டா காட்டி வழியனுப்பி வைத்தவன் அடியேன்தான். நான் காட்டியது டாட்டா இல்லை என்பதைத் தெரிவிக்கவே இம்மனு.

2. நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். மனைவி ஆனந்தவல்லியின் வேலை விசாவைப் பிடித்துக்கொண்டு நியூசிலாந்துக்கு வந்து, இங்கே மனுகாவில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். எங்கள் மகள் தாரிணி தங்கள் பகுதியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறாள். வேலை முடிந்து தினமும் அந்த மாலை ரயிலில்தான் ஹாலோபெக்கில் வந்து இறங்குகிறாள். மே மாதம் ஒரு வாரம் அவளைப் பார்க்க வந்திருந்தேன். எனக்காக அவள் லீவு போட்டிருந்தாள்.

3. ஊர் திரும்பும் நாளன்று, இரவு விமானத்துக்கு மதியமே கிளம்பலாம் என்றேன். கெஞ்சிக் கூத்தாடி மாலை ரயிலுக்குச் சம்மதிக்க வைத்தாள். நிலையத்துக்கு வந்த பிறகுதான் என் குரங்குக் குல்லாய் அறையிலேயே கிடப்பது நினைவுக்கு வந்தது. எடுத்து வர ஓடினாள். கை காட்டினால்தான் ரயில் நிற்கும் என்று சொல்லிவிட்டுத்தான் ஓடினாள். இங்கே ஆக்லாந்தில் யாரும் கை காட்டாமலே எல்லா நிலையத்திலும் ரயில் நிற்கும். இருந்தாலும், நாமக்கல்லில் ஓடுகிற பஸ்ஸையே நிறுத்தியவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று நானும் தெம்பாகத்தான் நின்றேன்.

4. ரயில் வந்தது. எங்கள் வழக்கப்படி உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து, விரல்களை மடக்கி மடக்கி 'வா, வா' என்று கூப்பிட்டேன். ஓட்டுநர் நல்ல மனிதர். வேகத்தைக் குறைத்து, என்னைப் பார்த்துச் சிரித்து, பதிலுக்கு அவரும் கையாட்டி, ஹாரனும் அடித்துவிட்டுப் போய்விட்டார். குல்லாயோடு ஓடி வந்த தாரிணி, "ரயிலை வழியனுப்பிட்டு நீங்க நிக்கிறீங்களே அப்பா" என்றாள். விஷயத்தைக் கேட்ட ஆனந்தவல்லி இன்றுவரை என்னிடம் பேசும்போதெல்லாம் நடுவில் கையாட்டுகிறாள்.

5. விஷயம் சிரிப்போடு முடிந்திருந்தால் தங்களைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன். தாரிணி சென்ற வாரம் தங்கள் அறிவிப்பைப் படமெடுத்து அனுப்பினாள். கணக்கெடுத்த வாரத்தில் மாலை ரயிலில் ஹாலோபெக்கில் ஏறியவரும் இல்லை, இறங்கியவரும் இல்லை, ஆகவே குளிர்காலம் முதல் அது அங்கே நிற்காது என்று போட்டிருக்கிறீர்கள். ஐயா, அது நான் வந்திருந்த அதே வாரம். இறங்க வேண்டியவள் என்னால் வீட்டில் இருந்தாள். ஏற வேண்டியவன் கையைத் தப்பாகக் காட்டினான். தங்கள் கணக்கு சரிதான். கோளாறு முழுக்க எங்கள் வீட்டுக் கோளாறு.

6. அந்த ரயில் நிற்காவிட்டால் அவள் நெடுநேரம் காத்திருந்து அதற்கடுத்த ரயிலைப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஊரில் இறங்கித் திரும்பி நடக்க வேண்டும். நடைபாதை இல்லாத சாலை, குளிர்காலத்தில் கும்மிருட்டு. "நடந்துக்குவேன்பா" என்கிறாள். அவள் நடந்துகொள்வாள், நாங்கள் என்ன செய்வது? அவளுக்கு மாலை ஆகும்போது எங்களுக்கு விடிகிறது. 'இறங்கிட்டேன்' என்று செய்தி வந்த பிறகுதான் நான் வேலைக்குக் கிளம்புவேன். என் சூப்பர்வைசருக்கே அந்த ரயிலின் நேரம் மனப்பாடம்.

7. ஆகவே, மாலை ரயில் வழக்கம்போல் ஹாலோபெக்கில் நின்று செல்லவும், அந்த வாரக் கணக்கைத் தள்ளிவிட்டு வேறொரு வாரத்தில் கணக்கெடுக்கவும், எப்படிக் கை காட்டுவது என்று பலகையில் ஒரு படம் போடவும் ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன். கணக்கெடுக்கும் வாரம் முடியும் வரை நான் அந்தப் பக்கமே வர மாட்டேன் என்றும் உறுதி கூறுகிறேன்.

இடம்: ஆக்லாந்து
தேதி: 14.08.2025

தங்கள் ரயிலை நம்பியிருக்கும்,
அ. நல்லசாமி

பி.கு.: எந்த மொழியிலும் எழுதலாம் என்று அறிவிப்பில் இருந்ததால் தமிழில் எழுதினேன். கேட்டிருந்தால் தாரிணியே ஆங்கிலத்தில் எழுதித் தந்திருப்பாள். கேட்கவில்லை. அன்று அடுத்த ரயில் வரும்வரை அவளும் நானும் தங்கள் பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். ரயில் தெரிந்ததும் எழுந்துபோய்க் கையை நேராக நீட்டினாள். இதுவும் நிற்காமல் போகட்டும் என்று நினைத்தேன். அவளிடம் சொல்லவில்லை.