வீடு காட்டிய அன்று சாம்பிராணி போட்டேன்

புந்தோங், ஈப்போ, மலேசியா.

அன்பு மகள் தினேஸ்வரிக்கு அம்மா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நடமாட்டத்தோடு இருக்கிறேன், முழங்கால்தான் படியைக் கண்டால் அடம் பிடிக்கிறது. ஆக்லாந்தில் குளிர் ஆரம்பித்துவிட்டதாமே, நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். இதைப் போனில் சொன்னால் அழுதுவிடுவேன், நீயும் அழுவாய், அதனால்தான்.

வீடு விற்றுத் தரும் ஏஜென்ட் ரூபன் நல்ல பிள்ளைதான், வாய்தான் ஓயாது. வர்றவங்க இது அவங்க வீடுன்னு நெனைக்கணும்லா ஆன்டி, உங்க வீடு மாதிரி இருக்கக் கூடாது என்றான். சுவரெல்லாம் வெள்ளைச் சாயம் அடித்தாயிற்று. வெள்ளைக்காரத் துரை பார்க்க வரும்போது மட்டும் தொழிலாளர் லயத்து வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள் என்று அப்பா தோட்டத்துக் கதை சொல்லிச் சிரிப்பாரே, அதுதான் ஞாபகம் வந்தது. நிலைப்படியில் இருந்த மஞ்சளைச் சுரண்டினேன், மாவிலைத் தோரணத்தை அவிழ்த்தேன், சாமி மேடைக்குத் திரை போட்டேன். கடைசியில் ஹாலில் மாலையோடு இருந்த அப்பா படத்தையும் கழற்றச் சொன்னான். மாலை போட்ட படத்தைப் பார்த்தால் சீனர்கள் வாங்க மாட்டார்களாம். எனக்குக் கை வரவில்லையடி. நீதான், கொஞ்ச நாளைக்குத்தானேம்மா, வீடு வித்தாதானே நீ இங்க வர முடியும் என்றாய். சரி என்று அவரை என் சேலைகளோடு அலமாரியில் வைத்துச் சாத்தினேன்.

போன ஞாயிறு ஒரு சீனத் தம்பதி வருவதாக ரூபன் போன் செய்தான். வீடு நல்லா வாசமா இருக்கட்டும் ஆன்டி என்றான். நமக்கு வாசம் என்றால் வேறென்ன தெரியும்? தணல் மூட்டி, சாம்பிராணியை அள்ளிப் போட்டு மூலைமுடுக்கெல்லாம் காட்டிவிட்டேன். வந்தவர்கள் ஹாலில் கால் வைத்ததும் நின்றுவிட்டார்கள். ஒரே புகை, வெறும் சுவர், அதில் ஓர் ஆணி. அந்தப் பெண் மிரண்டுபோய், இந்த வீட்டில் யாராவது இறந்தார்களா என்று மலாய் மொழியில் கேட்டாள். ரூபன் எனக்குக் கண்ணைக் காட்டினான். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அப்பா மூச்சுத் திணறி, என் கையைப் பிடித்தபடியே போனது அந்த ஹாலில்தானே? இங்கே யாரும் சாகவில்லை என்றால் அந்த மனுஷன் இங்கே வாழவே இல்லை என்று ஆகிவிடாதா? ஆமாம், என் புருஷன், இந்த இடத்தில்தான் என்று காட்டினேன். அவர்கள் தலையைத் தாழ்த்திவிட்டு வெளியே போய்விட்டார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை, அது அவர்கள் நம்பிக்கை. என்னா ஆன்டி இப்படிப் பண்ணிட்டீங்க என்று ரூபன்தான் தலையில் கை வைத்தான்.

அடுத்த வாரம் சித்தியவானிலிருந்து வேறொரு குடும்பம் வருகிறது. நீ எனக்கு அறை ஒழித்து வைத்துக் காத்திருக்கிறாய், எனக்கும் இங்கே தனியாகப் படுக்க பயமாகத்தான் இருக்கிறது. அதனால், அன்று அவர்கள் போனதும் ஹாலில் மாட்டிய படத்தை மறுபடியும் கழற்றி அலமாரியில் வைத்துவிடுகிறேன். அலமாரிக் கதவை மட்டும் சாத்த மாட்டேன், மூச்சுக்குத் தவித்துப் போனவர் இல்லையா. யாராவது கேட்டால் பொய் சொல்ல வராது, அதற்காக என்னைக் கோபித்துக்கொள்ளாதே.

குளிரில் வெறுங்காலோடு நடக்காதே, தலைக்கு எண்ணெய் வை. மனசுக்குக் குறை இல்லாமல் நீங்கள் இருவரும் நீடூழி வாழ வேண்டும். அப்புறம், உங்கள் வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று ஒரு தடவை சொன்னாயே, வீட்டுக்காரரிடம் கேட்டு வை. ஒரே ஓர் ஆணி போதும்.

உன் அம்மா
நவமணி