கட்டிங் மெஷினில் நீங்கள் கட்டிய கம்பி

அன்பையும் சண்டையையும் சம அளவில் என்னோடு வைத்திருந்த ஏழுமலை மாமாவுக்கு,

எனக்குச் சுற்றி வளைத்துச் சொல்ல வராது, உங்களுக்கே தெரியும். நீங்கள் போன பிறகு உங்கள் கட்டிங் மெஷினில் கை வைத்துவிட்டேன். பிளேடின் கீழ் மூடி இறங்காமல் இருக்க நீங்கள் கட்டி வைத்திருந்த செப்புக் கம்பி இப்போது அதில் இல்லை. கோபம் வந்தால் முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

முதலில் உங்களைப் பற்றி ஊர் பேசுவதைச் சொல்லிவிடுகிறேன். டீக்கடை பெஞ்சில் கிளாஸைக் கையில் வைத்தபடி உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை, நெஞ்சு நின்றுவிட்டது. நடந்தது அவ்வளவுதான். ஆனால் சந்தாபுராவில் பாதிப் பேர் நீங்கள் மெஷினில் கரண்ட் அடித்துச் செத்ததாகத்தான் இன்னும் சொல்கிறார்கள். நான் திருத்தித் திருத்தி அலுத்துவிட்டேன். எந்த மெஷினும் உங்களை ஒன்றும் செய்யவில்லை.

காரியம் முடிந்த அன்றே உங்கள் அண்ணன் மெஷின் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டார். "பொம்பள இத வச்சிக்கிட்டு இன்னா பண்ணப் போவுது? நான் எடுத்துக்கினு போறேன்" என்றார். எனக்கும் வைத்துக்கொள்வதில் இஷ்டமில்லை. வேலை செய்கிற சர்வீஸ் சென்டரில் தினமும் பார்க்கிறேனே, ஓடாத மோட்டார் கெட்டுப் போகும். "வித்துடலாம்க்கா" என்றேன்.

அக்கா அடுக்களையிலிருந்தே சொன்னாள்: "யாரும் எதையும் எடுக்க வேணாம். நான் வேலை பண்ணப் போறேன்."

"என்ன வேலை?"

"உங்க மாமா பண்ண வேலை."

"நீ மெஷின் புடிச்சிருக்கியா?"

"மெஷின் புடிச்சதில்ல. அவர் நீளப் பலகைய அறுக்கிறப்போ அந்தப் பக்கம் யாருடா புடிச்சது? உங்க சர்வீஸ் சென்டரா?"

உங்கள் அண்ணன் பெட்டியை மூடிவிட்டார்.

ரிச்சர்ட்ஸ் டவுன் ஸ்டெல்லா டீச்சர் வீட்டு வார்ட்ரோப் நீங்கள் விட்ட இடத்திலேயே நின்றிருந்தது. கூடு முடிந்துவிட்டது, கதவுகள் பாக்கி. மைக்கா ஒட்டிய பலகைகள் அவர் வீட்டு ஹாலில் சுவரோடு சாய்ந்து கிடந்தன. டீச்சர் அக்காவிடம் நேராகவே சொன்னார்: "செல்வி, நீயே முடிச்சுக் குடு. ஆனா பலகை வீணாயிட்டா நான் வேற ஆளைக் கூப்பிட்டுக்குவேன். மனசுல வச்சுக்காதே." நியாயமான பேச்சு. எனக்கு அந்த அம்மாவைப் பிடித்துப்போயிற்று. ஆனால் கணக்கு எங்கள் மூவருக்கும் தெரியும். அந்தப் பலகைகள் பாழானால் மறுபடி வாங்க அக்காவுக்கு வழியில்லை. இந்த வேலை போனால், கல்யாணத்துக்கு முன்னால் பார்த்த ஹவுஸ்கீப்பிங் வேலைதான்.

அதனால்தான் நான் உட்கார்ந்து யோசித்தேன். உங்கள் மெஷின்கள் எல்லாம் உங்கள் உடம்பை நம்பி வாங்கியவை, மாமா. சுவரில் ஓட்டை போட நெஞ்சைக் கொடுத்து டிரில்லை அழுத்துவீர்கள். கான்கிரீட்டுக்கு அது சரியான மெஷினே இல்லை என்று நான் கத்தியிருக்கிறேன். நீங்கள் இன்னும் கொஞ்சம் அழுத்தியிருக்கிறீர்கள். அக்காவின் எடை உங்களில் பாதி. அவளுக்கு வேண்டியது தானே இடித்துத் தானே உள்ளே போகிற சின்ன ஹாமர் மெஷின். பிடித்திருந்தால் போதும், தள்ள வேண்டாம்.

மெஷின் கடைகள் இருக்கிற எஸ்.ஜே.பி. ரோட்டுக்கு அக்காவைக் கூட்டிப் போனேன். மெஷினை யார் பிடிக்கப் போவது என்று கடைக்காரர் அக்காவைப் பார்க்காமல் என்னையே கன்னடத்தில் கேட்டார்: "யாரு யூஸ் மாடோது சார்?"

"இவங்கதான்."

உடனே உள்ளே போய், சட்டம் மாட்ட ஆணி துளைக்கிற அளவுக்கு ஒரு பொம்மை டிரில்லை எடுத்து வந்தார். "லேடீஸ்கே இது சாக்கு மேடம்." லேடீஸுக்கு இது போதுமாம்.

அக்கா சிரிக்கவில்லை. "கோடெகே கொத்தாகல்லா அண்ணா, லேடீஸா ஜென்ட்ஸா அந்த" என்றாள். சுவருக்குத் தெரியாது, பிடித்திருப்பது ஆணா பெண்ணா என்று. கடைப் பையன்கள் சிரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசவே இல்லை; விலை முதல் வாரண்டி வரை எல்லாம் அக்காவிடம்தான்.

ஹாமர் மெஷின் வாங்கினோம். மைக்கா ஓரம் பிய்யாமல் இருக்கப் பற்கள் நெருக்கமான பிளேடு ஒன்று. மெஷின் கோடு தவறாமல் ஓட நீள அலுமினிய கைடு, அதை இறுக்கக் கிளாம்ப். பேட்டரி மெஷின் மேல் அக்காவுக்கு ஓர் ஆசை. நாள் முழுக்கப் பலகை அறுத்தால் பேட்டரி தாங்காது, உங்கள் வயர் மெஷினே நல்லது என்று தடுத்துவிட்டேன். அதில் என்ன குறை? மோட்டார் நன்றாகத்தான் ஓடுகிறது. குறை அந்தக் கம்பிதான்.

அந்தப் பக்கம் யார் பிடிப்பது என்பது அடுத்த கேள்வி. என்னால் தினமும் லீவு போட முடியாது. தரையில் தடித்த தெர்மாகோல் பலகைகளை விரித்து, அதன் மேல் பிளைவுட்டைப் படுக்க வைத்து, பிளேடின் ஆழத்தைப் பலகையின் கனத்தைவிடக் கொஞ்சம் மட்டும் அதிகமாக வைக்கச் சொன்னேன். பிளேடு தெர்மாகோலைக் கீறிக்கொண்டு போகும். அறுந்த துண்டும் அறுபடாத துண்டும் இருக்கிற இடத்திலேயே படுத்திருக்கும். எதுவும் தொங்காது, பிளேடை நெரிக்காது. இதை உங்களிடமும் சொல்லியிருக்கிறேன். "அதான் உங்க அக்கா இருக்காளே" என்பீர்கள்.

இனி சண்டை. டீச்சர் வீட்டுக்குப் போவதற்கு முந்தின ஞாயிறு, கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு மெஷின் முன் உட்கார்ந்தேன். அக்கா மெஷினைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அதுல கை வைக்காத. அவர் கட்டினது."

"ஞாபகத்துக்கு வைக்கிறதுக்கு போட்டோ இருக்கு. இது பிளேடு. சுவிட்ச விட்டப்புறமும் சுத்திட்டே இருக்கும். மூடி இல்லாம கீழ வச்சா அதுவே ஓடி வரும், உன் கால் மேல."

"அவர் கால் மேல வந்துச்சா?"

"வரலன்னா அது அதிர்ஷ்டம். அவர் சோம்பேறித்தனத்துக்குக் கட்டினத நீ சாமி மாதிரி கும்பிடுறே."

அப்போதுதான் அவள் குரலை உயர்த்தினாள். "சோம்பேறித்தனமா? எனக்காகக் கட்டினதுடா அது!"

நடந்ததைச் சொன்னாள். ஓரத்தில் மெல்லிய பட்டைகளாக அறுக்கும்போது மூடியின் விளிம்பு பலகையில் மாட்டிக்கொள்ளுமாம். மெஷின் நின்று உதைக்கும். அந்த உதை முழுவதும் எதிர்ப்பக்கம் பிடித்திருக்கிற அவள் கைக்கு வரும். காக்ஸ் டவுனில் ஒரு வீட்டில் அப்படி உதைத்தபோது பயந்து கையை விட்டிருக்கிறாள். பலகை சரிந்து அவள் கால்விரல் நகம் பெயர்ந்துவிட்டது. அன்று மாலையே நீங்கள் பழைய வயரை உரித்துச் செப்பை எடுத்து மூடியைத் தூக்கிக் கட்டியிருக்கிறீர்கள். "இனிமே உதைக்காது, தைரியமா புடி" என்றீர்களாம்.

இத்தனை வருடம் உங்களைத் திட்டிய காரணம் தப்பு. ஆனால் கம்பியும் தப்புதான், மாமா. எதிர்ப்பக்கக் கையைக் காப்பாற்ற உங்கள் காலைப் பணயம் வைத்தீர்கள். நாலு நாள் கழித்து அந்த ஆபத்தே உங்களுக்கு மறந்திருக்கும்.

"இப்போ அந்தப் பக்கம் யாரும் இல்லக்கா" என்றேன். "நீ இந்தப் பக்கம் வந்துட்ட."

அவள் மெஷினை எனக்கு வாகாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். நான் கம்பியை நறுக்கினேன்.

மூடி இறங்கவில்லை. பாதியில் நின்றது. பிளேடைக் கழற்றிப் பார்த்தேன். மூடி சுழல்கிற இடத்தில் பசையும் மரத்தூளும் சேர்ந்து கல்லாக இறுகியிருந்தது. ஸ்பிரிங் தொய்ந்துவிட்டிருந்தது. மண்ணெண்ணெயும் பழைய டூத் பிரஷ்ஷும் வைத்துச் சுத்தம் பண்ணி, மறுநாள் வேறு ஸ்பிரிங் கொண்டு வந்து போட்டேன். விரலால் தள்ளினால் மேலே போனது, விட்டால் பட்டென்று மூடியது. பலகையின் எந்த ஓரத்திலும் மாட்டவில்லை. மச்சினன் நான் இந்த வேலையைச் செய்துதானே சம்பளம் வாங்குகிறேன்? ஒரு தரம் கொடுத்திருக்கக் கூடாதா? "சர்வீஸுக்குக் குடுத்தா வேலை நிக்கும்டா" என்பீர்கள், தெரியும்.

டீச்சர் வீட்டில் அக்கா அறுத்ததைச் சொல்கிறேன். துப்பட்டா கிடையாது, நான் விடவில்லை. உங்கள் பழைய சட்டைதான் வேண்டும் என்றாள். தொளதொளவென்று இருந்தது, சுழலுகிற மெஷின் பக்கத்தில் அது ஆகாது என்றேன். டைலரிடம் கொடுத்து உடம்போடு பிடித்துத் தைத்து, கையையும் குட்டையாக்கிக்கொண்டு வந்தாள். மாஸ்க் போட்டுக்கொண்டாள். நல்ல பக்கம் கீழே இருக்கும்படி பலகையைத் திருப்பிப் போட்டாள். பிளேடு கீழிருந்து மேலே அறுக்கும், பிய்ந்தால் மேல்பக்கம்தான் பிய்யும் என்பதை நான் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. கைடை இறுக்கினாள். முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

நான் என்னையறியாமல் எதிர்ப்பக்கம் போய்ப் பலகையைப் பிடித்தேன்.

"கையை எடுடா."

"சும்மா ஒரு பிடிதான்..."

"நீதான தெர்மாகோல் போட்டா யாரும் புடிக்க வேணாம்னு அளந்தே? போய் உக்காரு."

போய் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் அறுப்பில் அவசரப்பட்டாள், மோட்டார் குரல் இறங்கியது. "மெதுவா, மோட்டார் சத்தத்தக் கேளு" என்று கத்தினேன். அழுத்தத்தைக் குறைத்தாள், சத்தம் சீரானது. டீச்சர் சிலுவை போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன், அக்கா பார்க்கவில்லை. பலகையைத் தூக்கி ஓரத்தில் விரலை ஓட்டினாள். ஒரு பிசிறு இல்லை. நானும் தடவிப் பார்த்தேன். நான் குறை சொல்லத் தயங்குகிறவன் இல்லை. சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

கதவுகள் எல்லாம் மாட்டியாயிற்று. ஒரு கதவின் கீல் மட்டும் இரண்டு முறை திருத்த வேண்டியிருந்தது. டீச்சர் ஒவ்வொன்றாகத் திறந்து மூடிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மேல் வீட்டுக்காரங்க கிச்சன் பண்ணணும்னு கேட்டுட்டே இருக்காங்க. ஏழுமலை ஆளுங்கன்னு சொல்லட்டுமா?"

அக்கா கிளாம்ப்புகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். "செல்வின்னு சொல்லுங்க டீச்சர்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. உங்களுக்கும் அப்படி இருந்ததா? வண்டியில் வரும்போது கேட்டே விட்டேன், ஏன் மாமா பேரைச் சொல்லவில்லை என்று. ஹெல்மெட்டுக்குள் அவள் பதில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. சிக்னலில் நின்றபோது மறுபடி சொன்னாள்.

"அவர் பேரச் சொன்னா அவர் எங்கன்னு கேப்பாங்க. போற வீட்ல எல்லாம் என்னால அதச் சொல்லிட்டு நிக்க முடியாதுடா."

அவ்வளவுதான், மாமா. பச்சை விழுந்தது, கிளம்பிவிட்டோம்.

மேல் வீட்டுக்கு அளவெடுக்க வருகிற சனிக்கிழமை போகிறோம். அங்கே உங்களைத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். அந்தக் கட்டடத்தில் எத்தனை வீட்டில் வேலை செய்திருக்கிறீர்கள்! யாராவது கட்டாயம் கேட்பார்கள். உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன்: அந்தக் கேள்வி அக்கா வரைக்கும் போகாது. அவள் அளவெடுக்கட்டும். வாசலிலேயே நின்று, நடந்ததை நடந்தபடி, நான் சொல்லிக்கொள்கிறேன்.

செல்வியின் தம்பி,
உங்கள் மச்சினன் தினகரன்