உள்ளே மடித்த ஜரிகை

சனிக்கிழமை இரவு.

நாளை எங்கள் மாதா கோயில் சப்பர பவனி. மாதா சுரூபத்துக்குச் சேலை கட்டுவது வருஷா வருஷம் என் வேலைதான். இந்த வருஷம் என் கொழுந்தன் பெண்டாட்டி ஜெசிந்தா கொடுத்த நீலப் பட்டு. கொழுந்தன் துபாயிலிருந்து அனுப்பிய பணத்தில் எடுத்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஜரிகை. நான் மாதாவுக்கு இதுவரை ஒரு சாதாரண நூல் சேலைகூட எடுத்துக் கொடுத்ததில்லை.

கட்டும்போது கை தானாகவே ஜரிகையை உள்ளே மடித்து ஊக்குக் குத்திவிட்டது. தானாகவே என்ன, நான்தான்.

ஸ்டூலில் ஏறிக் கிரீடம் வைத்தபோது மாதாவின் முகம் என் முகத்துக்கு நேராக இருந்தது. முறைத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எப்போதும் போல அன்பாகத்தான் பார்த்தாள்.

"அம்மா, இந்தப் பொறாமை எனக்கு வேண்டாம், எடுத்துரு" என்றேன்.

அந்த நேரம் பார்த்து ஜெசிந்தா காப்பியோடு வந்து நின்றாள். சேலையை மேலும் கீழும் பார்த்தாள். ஜரிகையைத் தேடியிருப்பாள்.

"யக்கா, பட்டு வழுக்குமே. ஒத்தையில கெடந்து கஷ்டப்படுதியளே" என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "ஏளா, கொசுவம் சரியில்ல. வந்து ஊக்கப் பிடி" என்று எல்லாவற்றையும் அவிழ்த்தேன். இரண்டு பேருமாக ஜரிகையை வெளியே எடுத்துக் கட்டினோம். விளக்கு வெளிச்சத்தில் அது மின்னியதும் அவள் சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினாள். அதைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அதுதான் ஆச்சரியம்.

நாளை எங்கள் திரேஸ்புரம் முழுக்க ஜெசிந்தாவின் சேலையைப் பற்றித்தான் பேசும். பேசட்டும்.

நான் ஏன் அவிழ்த்துக் கட்டினேன் என்பது மாதாவுக்குத் தெரியும். ஜெசிந்தாவுக்கும் தெரிந்திருக்கும். இரண்டு பேருமே கேட்கவில்லை.