காம்பு கிள்ளும் மெஷின்

ராமநாதபுரம்
18.4.2004

அன்புள்ள மகன் சேதுமாதவனுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் சுகந்தியும் குழந்தைகளும் நலமாக இருக்க வேண்டும். நான் நலம்.

முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். பூமயிலையும் அவளோடு வேலை செய்யும் பெண்களையும் நம் ஜின்னிங் மில் ஷெட்டிலிருந்து நான் துரத்திவிட்டதாக உன் மாமா வீட்டுக் கல்யாணத்தில் பேசிக்கொண்டார்களாம். வயதாகி எனக்குப் புத்தி தடுமாறுகிறது என்றும் சேர்த்துச் சொன்னார்களாம். இரண்டும் தவறு. நான் பூட்டை மாற்றினேன், அவ்வளவுதான். ஆசாரி வேலை செய்த அந்த ஒரு நாள் பெண்கள் வெளியே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பார்த்தவர்கள் கதை கட்டிவிட்டார்கள். புதுச் சாவி ஒன்று என்னிடமும் ஒன்று பூமயிலிடமும் இருக்கிறது. உன்னிடம் உள்ள பழைய சாவியும், ஆசாரி ஆணியடித்து அடைத்த பக்கத்துக் கதவும் இனி எதற்கும் ஆகாது.

ஏன் மாற்றினேன் என்பதை முதலிலிருந்து வரிசையாக எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததும் அதில் வரும். பொறுமையாகப் படி. கான்வென்டில் எங்களை அப்படித்தான் எழுதப் பழக்கினார்கள், இந்த வயதில் அதை மாற்றிக்கொள்ள முடியாது.

மில்லை மூடியபோது மெஷின்களையெல்லாம் பழைய இரும்புக்குக் கொடுத்தோம். பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் இரட்டை உருளை மெஷின் ஒன்றை மட்டும் லாரி வாடகைக்குக்கூடத் தேறாது என்று விட்டுவிட்டுப் போனார்கள். நம் மில்லில் பஞ்சு அள்ளிக்கொண்டிருந்த பூமயில் வேலை போனபின் கமுதி வியாபாரிகளின் மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக் கொடுத்துப் பிழைத்தாள். இரவெல்லாம் கை எரிகிறது என்பாள். புதுமடத்தில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் அலியாரை அவள்தான் ஷெட்டுக்கு அழைத்து வந்தாள். பஞ்சை இழுக்கிற மெஷின் காம்பை ஏன் இழுக்காது என்று கேட்டாளாம். முண்டு மிளகாய் உருண்டையாக இருப்பதால் இரண்டு உருளைக்கும் நடுவே போகாது, காம்பு மட்டும் மாட்டி முறிந்துவிடும் என்பது அவள் கணக்கு. அலியார் ஒரு வருடம் முட்டி மோதி அதைச் செய்தார். நடுவில் கூழான மிளகாயின் நெடியில் தெருவே தும்மியது.

இப்போது அங்கே எட்டுப் பெண்கள் வேலை செய்கிறார்கள். மெஷின் யாருடையது என்று இவர்கள் இரண்டு பேரும் தினமும் சண்டை போடுகிறார்கள். "யோசனை என்னது, திருப்புளி மட்டுந்தான் அவரது" என்பாள் பூமயில். "யோசனையைக் கரண்டுல மாட்டிப் பாரு, சுத்துதான்னு பாப்போம்" என்பார் அலியார். அவள் வாய் எனக்குப் பிடிப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். ஆனால் அவள் கிள்ளிய மிளகாயில் ஒரு காம்பு கிடந்து நான் பார்த்ததில்லை.

பங்குனி மாதம் கிரிதர் என்று ஒருவன் வந்தான். முப்பது வயதிருக்கும். சென்னையில் பொறியியல் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறானாம், சாதாரண மக்களின் கண்டுபிடிப்புகளைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறானாம். பரிசுகூட வாங்கித் தருவதாகச் சொன்னான். சென்னைக்காரன் வாய்க்கு வாய் "ஏனுங்க" என்பானா? அப்போதே எனக்கு நெருடியது. படம் எடுக்க அவன் கேமராவைத் தூக்கியதும் பூமயில் கூடையை அவன் காலடியில் வைத்து, "ஏலே, இந்தக் கூடைக்குக் கையால காம்பு கிள்ளிட்டு வா. கை காந்துனதுக்கப்புறம் படம் புடி" என்றாள். பெண்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான், ஆனால் கண் மெஷினை விட்டு நகரவில்லை. ஆராய்ச்சிக்கு வந்தவன் இது எப்படித் தோன்றியது என்று கேட்பான். இவன் ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டான். உருளையின் மேல் என்ன சுற்றியிருக்கிறீர்கள் என்று.

அதுதான் மெஷினின் உயிர். தோல் போட்டால் வழுக்குகிறது, ரப்பர் போட்டால் மிளகாய் எண்ணெயில் பிசுபிசுத்துவிடுகிறது. அலியார் வேறு ஒன்றைச் சுற்றி, மேலே தகரத்தால் மூடி வைத்திருக்கிறார். அது என்னவென்று யாருக்கும் சொல்வதில்லை. அவனுக்கும் சொல்லவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மதியம் அலியார் தொழுகைக்குப் போயிருந்தார், பெண்கள் வெளியே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உச்சிப்புளி கடற்படைத் தளத்திலிருந்து ஹெலிகாப்டர் தாழப் பறந்தது. நம் கூரைத் தகடு ஒன்று ஆணி விட்டுக்கிடப்பதால் அதைப் பார்க்க நான் ஷெட்டுக்குள் போனேன். அந்தக் கிரிதர் உள்ளே குந்தியிருந்தான். தகர மூடியில் பாதித் திருகைக் கழற்றியிருந்தான். என்னைக் கண்டதும், "பாட்டி, மெஷின்ல ஏதோ சத்தம் வந்துச்சுங்க" என்றான். ஓடாத மெஷினில் என்ன சத்தம்? கத்தவில்லை. வாசலைக் காட்டினேன். அவனோ பழக்கப்பட்டவன் போலப் பஞ்சு குடோன் பின்னால் இருக்கும் பக்கத்துக் கதவை ஒரு கையால் தூக்கி, தோளால் தள்ளித் திறந்துகொண்டு போய்விட்டான்.

அலியாரும் அவனும் ஒரு நாள் டீக்கடையில் ஒன்றாக இருந்ததாகக் கேள்விப்பட்டிருந்தேன். அதனால் அவரைக் கூப்பிட்டு நேராகவே கேட்டேன், விற்றுவிட்டீர்களா என்று. அவர் முகம் கறுத்துப்போனது. "விக்கிறதா இருந்தா அந்தப் பயலுக்கு எதுக்கும்மா விக்கணும்? கமுதி யாவாரிக்கே வித்துப்புட்டு நிம்மதியாத் தூங்கமாட்டேனா? அவன் டீ வாங்கிக் குடுத்தான், குடிச்சேன். டீயக் குடிச்சது குத்தமா?" என்றார். அவன் வெளியே போன வழியை நான் சொன்னதும், "ஆமா, அங்கன ஒரு கதவு இருக்கா? கருவேல மரந்தான மண்டிக் கிடக்கு" என்று கேட்டார். பூமயிலும் அந்தக் கதவைத் திறந்து பார்த்ததில்லை என்றாள். மில் ஓடிய காலத்திலேயே அதை உன் அப்பா மூடிவிட்டார். தூக்கித் தள்ளினால் அது திறக்கும் என்று தெரிந்தவர்கள் மூன்று பேர். அவர்களில் உன் அப்பா இப்போது உயிரோடு இல்லை. மற்ற இருவர் நானும் நீயும்.

அன்று இரவு படுத்துக்கொண்டே, மாசி மாதம் நீ போனில் பேசியதை நினைத்துப் பார்த்தேன். மெஷினைப் பற்றி ஆசையாக மூன்று கேள்வி கேட்டாய். மோட்டார் எத்தனை குதிரைசக்தி என்றாய், சொன்னேன். உருளை எத்தனை அடி நீளம் என்றாய், அளந்து அடுத்த நாள் சொன்னேன். உருளையில் என்ன சுற்றியிருக்கிறார்கள் என்றாய். தெரியாது என்றேன். கிரிதர் வந்து மோட்டாரைப் பற்றிக் கேட்கவில்லை. நீளத்தைப் பற்றியும் கேட்கவில்லை.

இருந்தாலும் என் சந்தேகத்தை நானே நம்பவில்லை. சித்திரை முதல் தேதி நீ பேசியபோது காத்திருந்தேன். பண்டிகைச் சமையலைக் கேட்டாய், என் முழங்காலைக் கேட்டாய், மழையைக் கேட்டாய். மாசி முழுக்கப் பேச்சுக்குப் பேச்சு விசாரித்தவன், அன்று மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கோயம்புத்தூரில் உன் பட்டறையில் பம்பு ஆர்டர் குறைந்துவிட்டதும், ஆட்களை நிறுத்த நேர்ந்ததும் எனக்குத் தெரியும். நீ கஷ்டத்தில் இருப்பது எனக்குச் சந்தோஷமா? ஆனால் இதே மெஷின் அங்கிருந்து நாளை லாரியில் வந்து இறங்கினால், கமுதி வியாபாரிகள் ஆளுக்கொன்று வாங்கித் தங்கள் குடோனிலேயே வைத்துக்கொள்வார்கள். இவர்களுக்கு யார் மிளகாய் அனுப்புவார்கள்? மில் மூடியபோது ஒருமுறை இவர்களை வெளியே அனுப்பிய குடும்பம் நாம். அப்போது நமக்கு வேறு வழியில்லை என்று ஊரே ஒத்துக்கொண்டது.

உனக்கு அந்த மெஷின் வேண்டுமானால் ரயிலேறி இங்கே வா. பகலில், முன்வாசல் வழியாக வந்து, அவர்கள் இருவரையும் உட்காரவைத்துக் கேள். பூமயில் உன்னை லேசில் விடமாட்டாள். கேட்டுக்கொள். அவர்கள் பெயரையும் பங்கையும் பத்திரத்தில் எழுதிவிட்டு நீ ஆயிரம் மெஷின் செய், நான் குறுக்கே நிற்கமாட்டேன். அவர்கள் முடியாது என்றால் முடியாதுதான்.

அலியாரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவர் அடுத்த நாள் என்னைத் தகர மூடிக்குப் பக்கத்தில் கூட்டிப்போய் அதைக் கழற்றிக் காட்டினார். "இப்ப ஒங்களுக்கும் தெரியும்மா. இனிமே யார் மேலயும் சந்தேகப்படாதீக" என்றார். உருளையில் என்ன இருக்கிறது என்பது இப்போது எனக்குத் தெரியும். உனக்கு எழுதமாட்டேன்.

கிரிதரைக் கமுதி வியாபாரி யாரோ அனுப்பியிருப்பதாகத்தான் அவர்கள் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. வேறு எதைச் சொல்வது? வாழ்நாளில் பொய்க்குத் துணை போகாதவள் நான், ஒரு மாதமாக வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

நான் நினைப்பது தவறாக இருந்தால் அதைவிட எனக்கு வேண்டியது வேறொன்றும் இல்லை. உன்னிடமும் மன்னிப்புக் கேட்பேன். நீயும் உன் குடும்பமும் நன்றாக இருக்க வேண்டும், உன் பட்டறையில் மறுபடி வேலை நிறைய வேண்டும் என்றுதான் தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

போன் செய்யாதே. "என்னம்மா இது" என்று நீ சிரித்தால் போதும், நான் நம்பிவிடுவேன். அந்த ஆளை நீ அனுப்பினாயா இல்லையா என்று மட்டும் உன் கையால் எழுதி, தபாலில் அனுப்பு.

உன் அம்மா,
மனோரஞ்சிதம்