கர்ராபியில் சொன்ன யெஸ்

மார்ச் 4, திங்கள்

இன்றைக்கும் கங்காருதான். பேங்க் மேனேஜரம்மாவின் காரில் முன்பக்கம் முழுக்க உள்ளே போயிருக்கிறது. விளக்கு இடுக்கில் ரோமம். இந்தக் கங்காருகள் மட்டும் ரோட்டைப் பார்த்துக் கடக்கப் பழகிவிட்டால் நானும் காலினும் பட்டினிதான்.

டீ நேரத்தில் காலின் கிட்டே வந்து நின்றார். பட்டறை முதலாளி அவர். கிட்டே வந்தால் ஏதோ சாமானைத் தேடுகிறார் என்று அர்த்தம். இன்று எதையும் தேடவில்லை. கெட்டிலைப் பார்த்தபடியே கேட்டார்.

"பி.ஆர். வந்த கையோட எங்கள விட்டுட்டு சிட்டிக்கு ஓடிட மாட்டியே, ரெனி?"

"யெஸ் பாஸ்," என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

"ரைட்டோ," என்று திரும்பிப் போனார். டீயை அங்கேயே வைத்துவிட்டார்.

இவ்வளவு நாள் இதைப் பற்றி வாயே திறக்காத மனிதர் தானாகக் கேட்டிருக்கிறார். பி.ஆர். என்றால் நிரந்தரமாக இந்த நாட்டில் தங்க அனுமதி; ஆள் கிடைக்காத கர்ராபி மாதிரி ஊர்களுக்கென்று இருக்கிற திட்டத்தில் கிடைப்பது. மூன்று வருடம் இங்கேயே டிங்கரிங் பார்த்தாயிற்று. இனி அவர் கையெழுத்துப் போட்டால் நான் விண்ணப்பம் போடலாம், என் மனைவி எவாங்கும் மகள் கிறிஸ்டலும் எங்கள் ஊர் இலோயிலோவிலிருந்து வந்து சேரலாம். ஆகஸ்டில் எனக்கு நாற்பத்தைந்து. அதற்கு மேல் விண்ணப்பமே வாங்க மாட்டார்கள். எவாங்கிடம் போனில் சொன்னேன், ஆரம்பிச்சாச்சு என்று. அவள் அழுதாள். பிறகு, அங்கே குளிருமா, எத்தனை ஸ்வெட்டர் வாங்கணும் என்று கேட்டாள்.

மார்ச் 15, வெள்ளி

வெள்ளிதோறும் பப்புக்குக் கூப்பிடுகிற காலின் இன்று கூப்பிடவில்லை. மறந்திருப்பார்.

மார்ச் 22, வெள்ளி

இந்த வெள்ளியும்.

ஏப்ரல் 9, செவ்வாய்

விசா ஏஜென்ட் அனுப்பிய காகிதங்கள் ஆபீஸில் மைக்ரோவேவ் மேல் கிடக்கின்றன. அதன் மேல் பெயிண்ட் கலர் அட்டை. அதன் மேல் இன்று ஒரு பாதி சாண்ட்விச்.

காலின் திட்டுவதில்லை, முறைப்பதில்லை. "மார்னிங்" என்கிறார், "நல்லா வந்திருக்கு" என்கிறார். அவ்வளவுதான். முன்பெல்லாம் என் பட்டி பார்க்கிற வேலையைக் கிண்டலடிப்பார்: "கேக்குக்கு க்ரீம் தடவற மாதிரி தடவுறியே, மேட்." இப்போது கிண்டல் இல்லை. ஒரு மனிதர் மரியாதையாக நடந்துகொண்டால் இவ்வளவு பயமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

என்ன தப்பு செய்தேன்? பள்ளிக்கூட டீச்சரின் கார்க் கதவுக்குக் கலர் ஒரு சாயல் கூடிவிட்டது, அதுவா? கருவாடா? பின்கட்டில் வெளியேதான் பொரிக்கிறேன், ஆனாலும் காற்று காலின் வீட்டுப் பக்கம்தான் அடிக்கிறது.

எவாங் சொல்கிறாள், "வாயத் திறந்து ஒரு வார்த்த கேட்டா என்ன? உன் வாய்ல என்ன, ஆணியா?"

"எப்படிக் கேக்கறது? மனுஷன் செய்யணும்னு இருந்தா செய்வாரு."

"அப்ப நாங்க இங்க ஸ்வெட்டர் போட்டுட்டு உக்காந்திருக்கோம்."

கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கேட்டு, அவர் இல்லை என்று சொல்லிவிட்டால், நாளைக் காலை எந்த முகத்தோடு உள்ளே போவேன்?

ஏப்ரல் 25, வியாழன்

போர்வீரர் நினைவுநாள். விடியும் முன் ஊரே நினைவுத்தூண் அருகே நின்றது. போன வருடம் நான் குளிரில் உதறுவதைப் பார்த்து காலின் தன் கோட்டைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டார். இந்த வருடம் அவர் தூணுக்கு அந்தப் பக்கம் நின்றார். நான் சொந்தமாகக் கோட்டு வாங்கியிருந்தேன். அது போதவில்லை.

மே 7, செவ்வாய்

சூப்பர் மார்க்கெட்டில் அரிசி எடுக்கப் போனேன். வாசல் பலகையில், நாய்க்குட்டி விற்பனைக்கும் விறகு விற்பனைக்கும் நடுவில் ஒரு துண்டுக் காகிதம். "டிங்கரிங், பெயிண்டிங் தெரிந்த ஆள் தேவை. இங்கேயே தங்குபவராக இருக்க வேண்டும்." கீழே காலினின் நம்பர்.

நான் இங்கதானே தங்கியிருக்கேன்? மூணு வருஷமா எங்க போனேன்? இந்த ஊர்ல சாயங்காலம் ஆறு மணிக்கு மேல போறதுக்கு இடம் ஏது? ஏன்யா, நான் கண்ணுக்கே தெரியலையா?

அரிசி வாங்காமல் வந்துவிட்டேன். ரொட்டி சாப்பிட்டேன். எவாங்கிடம் சொல்லவில்லை.

மே 12, ஞாயிறு

அன்னையர் தினம். எவாங்குக்குப் போன் போட்டேன். கிறிஸ்டல் ஒரு நிமிடம் திரைக்கு வந்தாள். ஒன்பது வயது, முன்பற்கள் முளைத்து முகமே மாறிவிட்டது.

"அப்பா, உங்க பின்னாடி எப்பவும் செவுருதான் தெரியுது. வேற ஒண்ணும் இல்லையா அங்க?"

"ஜன்னல் இருக்கு."

"காட்டுங்க."

காட்டினேன். கோதுமை கொட்டி வைக்கிற உயரமான சைலோ, அதன் மேல் ரோஸ் நிறக் கலா கிளிகள், அப்புறம் வானம். "ஆள் யாரும் இல்லையே," என்றாள். பிறகு யாரோ கூப்பிட, ஓடிவிட்டாள்.

ஜூன் 10, திங்கள்

லீவு நாள். நெனிதா அக்கா பான்சித் நூடுல்ஸ் எடுத்துக்கொண்டு வந்தாள். முப்பது வருடத்துக்கு முன் இங்கே ஒரு கோதுமை விவசாயியைக் கட்டிக்கொண்டு வந்தவள். எங்கள் ஊர்ப் பேச்சை நான் நேரில் பேசுவது அவளோடு மட்டும்தான். எல்லாவற்றையும் சொன்னேன். பலகைக் காகிதம் வரை.

"கடைசியா அவன் உங்கிட்ட நல்லாப் பேசினது எப்ப?"

மார்ச் மாதம் டீ நேரத்தில் என்று சொல்லி, அவர் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சொன்னேன். அக்கா முள்கரண்டியை வைத்துவிட்டாள்.

"திரும்பச் சொல்லு. ஓடிட மாட்டியேன்னு கேட்டான். நீ?"

"யெஸ்ஸுன்னேன்."

"அட மண்டு. போயிடுவேன்னு சொல்லியிருக்க."

எனக்குப் புரியவில்லை. போகமாட்டாயே என்றார், ஆமாம், நீங்கள் சொல்வது சரி, போகமாட்டேன். இதில் என்ன? எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகூட அப்படித்தான் சொல்லும்.

"அது நம்ம ஊர்ல, தம்பி. இவங்களுக்கு யெஸ்ஸுன்னா போவேன், நோன்னா போகமாட்டேன். கேள்விய எப்படிக் கேட்டாலும் அப்படித்தான். எங்க கல்யாணத்தப்போ கென் கேட்டான், 'எங்கம்மா நம்மளோட இருந்தா உனக்கு ஒண்ணும் சங்கடம் இல்லையே'ன்னு. நானும் பவ்யமா யெஸ்ஸுன்னேன். அந்தக் கிழவி ஒரு வருஷம் வீட்டு வாசப்படி மிதிக்கல."

"அப்புறம் நீங்க திருத்தலையா?"

"எதுக்குத் திருத்தணும்?"

சிரித்தேன். வாய்விட்டு. எத்தனை நாளாயிற்று. அவள் போன பிறகு நாற்காலியில் உட்கார்ந்து அந்த ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

ஜூன் 11, செவ்வாய்

காலின் கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மிஷின் சத்தத்துக்கு மேல் கத்தினேன்.

"பாஸ், நான் சிட்டிக்குப் போகமாட்டேன்."

மிஷினை நிறுத்தினார். "முன்னாடி யெஸ்ஸுன்னியே."

"அது, 'நீங்க சொல்றது சரி, போகமாட்டேன்'ங்கற யெஸ்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப போறவன் என்ன சொல்லுவான், உங்க ஊர்ல?"

"நோன்னு சொல்லுவான். 'நோ, போவேன்'னு."

அங்கே கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். எனக்கு முன்னால் இருந்த ஐரிஷ்காரப் பெயிண்டர் டெக்லனைப் பற்றி அப்போதுதான் சொன்னார். சாகும்வரை இங்கேதான் என்று சத்தியம் செய்தவன். பி.ஆர். வந்ததும் காலினின் மனைவி ஷெரில் கேக் செய்தாள். கேக் வெட்டின மறுநாள் ஆள் அடிலெய்டில்.

"நீயாவது மூஞ்சிக்கு நேரா உண்மையச் சொன்னியேன்னு உம்மேல மரியாதைதான் வந்துச்சு. ஆனா சோறு எறங்கல."

"இப்ப கையெழுத்துப் போடுவீங்களா?"

"யா... நா," என்றார். "ஒருத்தன வரச் சொல்லிட்டேன், மேட். வியாழக்கிழமை வர்றான். வான்னு சொல்லிட்டு வராதேன்னு சொல்ல முடியாதில்ல."

யெஸ்ஸும் நோவும் ஒரே மூச்சில். என் யெஸ்ஸைக் குறை சொன்ன ஊர் இது. அக்காவுக்குப் போன் போட்டேன். "கடைசி வார்த்தைய மட்டும் எடுத்துக்கோ," என்றாள். "யா-நான்னா இல்ல. நா-யான்னா ஆமா." அப்படியானால் இல்லை.

ஜூன் 13, வியாழன்

வந்தான். இளைஞன், நல்ல வேலைக்காரன், கையைப் பார்த்தாலே தெரிகிறது. நானே பட்டறையைச் சுற்றிக் காட்டினேன். என் சுத்தியல் எந்த ஆணியில் தொங்கும் என்றுகூடச் சொன்னேன். பைத்தியக்காரன் நான்.

மத்தியானம் ஊரை ஒரு சுற்றுப் பார்க்கப் போனான். திரும்பி வந்து, "காபிக்கடை ஒண்ணுதானா?" என்று கேட்டான். காலின் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"ஞாயித்துக்கிழம அதுவும் கெடையாது," என்றார் காலின்.

கை குலுக்கிவிட்டுப் போனான். இன்னும் பதில் சொல்லவில்லை.

ஜூன் 21, வெள்ளி

அவன் வரவில்லையாம். காலின் சொல்லவில்லை, ஷெரில்தான் சொன்னாள்; பலகையில் இருந்த காகிதமும் இல்லை. சாயங்காலம் பட்டறையைப் பூட்டும்போது, "பப்புக்கு வரமாட்டியா?" என்றார். நான் வாயைத் திறந்து, மூடி, "வர்றேன்," என்றேன். இனிமேல் முழு வாக்கியம்தான்.

ஜூலை 3, புதன்

கையெழுத்துப் போட்டார். சாண்ட்விச் எண்ணெய் பட்ட இடத்தைச் சுற்றி. வேறு காகிதம் எடுத்துத் தரட்டுமா என்று கேட்டதற்கு, "சாப்பாடுதானே, விஷமில்லையே," என்றார்.

ஆகஸ்ட் 17, சனி

நாற்பத்தைந்து. விண்ணப்பம் போன மாதமே உள்ளே போய்விட்டது, தப்பித்தேன். ஆயுசு நீளட்டும் என்று நூடுல்ஸ் செய்தேன், ஒரு ஆளுக்கு எவ்வளவு போடுவது என்று இன்னமும் கைக்கு வரவில்லை. மிச்சம் மூன்று நாளுக்கு வரும்.

செப்டம்பர் 1, ஞாயிறு

எங்கள் ஊரில் செப்டம்பர் பிறந்தாலே கிறிஸ்மஸ் ஆரம்பம், கிறிஸ்மஸ் நட்சத்திரத்தை ஜன்னலில் மாட்டினேன். காலின் வண்டியில் போகிறவர் நிறுத்தினார்.

"இப்பவே கிறிஸ்மஸா? இன்னும் நாலு மாசம் இல்ல?"

"யெஸ் பாஸ்."

"இது எந்த யெஸ்? உங்க யெஸ்ஸா, எங்க யெஸ்ஸா?"

இப்போதெல்லாம் தினமும் இதே கிண்டல். பட்டி பார்ப்பதையும் மறுபடி கிண்டலடிக்கிறார். இங்கே இன்று தந்தையர் தினமாம், ஷெரில் பை நிறைய ஆரஞ்சு கொடுத்துவிட்டிருந்தாள். கிறிஸ்டலுக்குப் போன் போட்டேன். தூங்குகிறாள் என்றாள் எவாங். பின்னால் டி.வி.யும் கிறிஸ்டலின் சிரிப்பும் கேட்டன.

டிசம்பர் 24, செவ்வாய்

வெயில் கொல்கிறது. நள்ளிரவுக் கிறிஸ்மஸ் சாப்பாட்டுக்கு ஊரில் அவர்கள் போனை மேசை மேல் சாய்த்து வைத்தார்கள், நானும் சேர்ந்து சாப்பிட. யாரோ சோறு எடுக்கையில் போன் சாய்ந்து விழுந்தது. கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். யாரும் கவனிக்கவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

வந்துவிட்டது. மூன்று பேருக்கும் பி.ஆர்.

காருக்கு அடியில் படுத்திருந்தபோது ஏஜென்ட் போன் போட்டார். வெளியே வந்து காலினிடம் சொன்னேன். என் தோளில் தட்டினார், தூசி பறந்தது. ஷெரில் கேக் செய்யட்டுமா என்று கேட்டாளாம். "கேக் வேண்டாம்னுட்டேன்," என்றார், "எதுக்கு வம்பு."

வீட்டுக்குப் போன் போட்டேன். எவாங் பேச முடியாமல் போனைக் கிறிஸ்டலிடம் கொடுத்துவிட்டாள். கிறிஸ்டல் கேட்டாள்.

"இனிமே நாம இந்த வீட்டுக்குத் திரும்பி வரமாட்டோமா?"

"ஆமா," என்றேன்.

அவள் போனை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாள். எங்கள் பேச்சில் கேட்டாள், எங்கள் பேச்சில் சொன்னேன். ஒரு எழுத்து பிசகாமல் புரிந்துகொண்டாள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர். ஏர்போர்ட்டில் எவாங் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கிறிஸ்டல் என் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டாள், எங்கள் ஊரில் பெரியவர்களுக்குச் செய்கிற மாதிரி. நான் தூக்கிக்கொள்ளலாம் என்று குனிந்திருந்தேன்.

ஏப்ரல் 23, புதன்

சமையலறையில் அம்மாவிடம் மெதுவாகக் கேட்கிறாள்: "அவரு காபிக்குச் சக்கர போடுவாரா?"

அவரு. மூன்று பேர் இருக்கிற வீட்டில், நான் அந்தப் பக்கச் சுவரோரம் படுத்துக்கொண்டு அதைக் கேட்டேன். எவாங் சொன்னாள், "ரெண்டு ஸ்பூன்." நான் சர்க்கரையை விட்டு ஒரு வருடம் ஆகிறது. இரண்டு ஸ்பூன் போட்டே குடித்தேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

காலினும் ஷெரிலும் பார்க்க வந்தார்கள், வீட்டுக் கோழி முட்டையோடு. எவாங் கருவாடு பொரித்திருந்தாள், வீட்டுக்குள்ளேயே. காலின் மூக்கைச் சுருக்காமல் ஒன்று எடுத்துச் சாப்பிட்டு, இன்னொன்றும் எடுத்தார். இத்தனை வருடம் நான் பின்கட்டில் ஒளிந்து பொரித்திருக்கிறேன்.

கிளம்பும்போது அவர் கிறிஸ்டலுக்கு முன்னால் முட்டி மடக்கி உட்கார்ந்தார். அந்த முட்டிக்கு அது பெரிய வேலை.

"எங்கள விட்டுட்டு ஊருக்கு ஓடிட மாட்டியே?"

என்னிடம் கேட்ட அதே கேள்வி. கிறிஸ்டல் அவரைப் பார்த்தாள், ஜன்னலில் நான் இன்னும் கழற்றாத நட்சத்திரத்தைப் பார்த்தாள்.

"யெஸ்," என்றாள்.

காலின் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இந்தத் தடவை கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

"இது உங்க யெஸ்ஸா, எங்க யெஸ்ஸா?"

எனக்குத் தெரியவில்லை. பள்ளியில் இங்கிலீஷ் படித்தவள், டி.வி. பார்த்து வளர்ந்தவள். இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். என் பிள்ளை சொன்ன ஒரு வார்த்தைக்கு எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

நாளை அவளுக்குப் பள்ளிக்கூடம். நான்தான் நடத்திக் கூட்டிப் போகிறேன். வழியில் கேட்டுவிடுகிறேன்.